பழைய இரும்பில் ஒளிந்திருக்கும் நெருப்பு
(கதிர்வீச்சு விபத்து: அறிய வேண்டியதும் செய்ய வேண்டியதும்)



"பழைய இரும்பு, ஈயம், பித்தளை இருக்கா?" என்ற குரல் நம் லயங்களின் வாசலில் மாதம் ஒருமுறையாவது கேட்கும். உடும்பஞ்சோலைப் பக்கம் அதை ஆக்ரி என்கிறோம். மலையிறங்கிக் கம்பத்துக்கோ போடிக்கோ போனால் காயலான் கடை என்பார்கள். பெயர் எதுவானாலும் தொழில் ஒன்றுதான். உடைந்த மருந்துத் தெளிப்பான், தேய்ந்த மண்வெட்டி, ஓட்டை விழுந்த பாத்திரம் எல்லாம் கைமாறி, லாரி ஏறி, உருக்காலைக்குப் போய்ச் சேரும். நம்மவர் பல குடும்பங்கள் இந்தத் தொழிலை நம்பிப் பிழைக்கின்றன. வேலையில்லாத நாட்களில் இரும்பு பொறுக்கிச் செலவுக்குக் காசு சேர்க்கும் பிள்ளைகளும் உண்டு.

இவர்களை மனத்தில் வைத்தே இந்தப் பாடத்தை எழுதுகிறேன். கதிர்வீச்சு என்றதும் நமக்கு அணுகுண்டும் அணு உலையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அணு உலையே இல்லாத ஊர்களில், சாதாரண மக்களைக் கொன்ற கதிர்வீச்சு விபத்துகளில் பல பழைய இரும்புக் கடையில்தான் நடந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று நம் நாட்டின் தலைநகரிலேயே நடந்தது.

மாயாபுரியில் நடந்தது

மேற்கு டெல்லியில் மாயாபுரி என்ற பகுதி பழைய இரும்பு வியாபாரத்துக்குப் பெயர் பெற்றது. 2010 பிப்ரவரி 26 அன்று டெல்லிப் பல்கலைக்கழகம் தன் வேதியியல் துறையில் நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த ஓர் ஆராய்ச்சிக் கருவியை ஏலத்தில் விற்றது. 1985க்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. வாங்கியவருக்கு அது கனமான உலோகம், அவ்வளவுதான். உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது வாங்கியவருக்கும் தெரியாது, பிரித்த தொழிலாளர்களுக்கும் தெரியாது.

இத்தகைய கருவிகளில் கதிர் வெளியே வராதபடி சுற்றிலும் தடித்த ஈயக் கவசம் இருக்கும். ஈயத்துக்கு நல்ல விலை கிடைக்கும். ஆகவே காயலான் கடையில் முதலில் போவது ஆளைக் காக்கும் அந்தக் கவசம்தான். மாயாபுரியிலும் கருவி பிரிக்கப்பட்டது, உள்ளிருந்த கோபால்ட் துண்டு துண்டாக வெட்டப்பட்டது. பளபளவென்று இருந்த ஒரு சிறு துண்டை ஒருவர் தம் பணப்பையில் வைத்துக்கொண்டார். வேறு சில துண்டுகள் பக்கத்துக் கடைக்குப் போயின.

சில வாரங்களில் அவர்களுக்கு உடம்பு கெட்டது. வயிற்றுப்போக்கு, தோல் கறுத்தல், முடி கொட்டுதல் என்று ஒவ்வொன்றாக வந்தன. இவை தனித்தனியே வந்தால் எந்த மருத்துவரும் சாதாரண நோய் என்றே நினைப்பார். முடிவில் ஒரு தனியார் மருத்துவமனையில்தான் கதிர்வீச்சாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. ஏப்ரல் 7 அன்று செய்தி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போனது. ஏலத்துக்கும் அந்தச் செய்திக்கும் இடையே 40 நாட்கள் ஓடிவிட்டன.

வாரியத்தின் வல்லுநர்களும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தாரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் கடை கடையாக அளந்து பார்த்துத் துண்டுகளைத் தேடி எடுத்தனர். அவை நரோரா அணுமின் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. எட்டுப் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு தொழிலாளி ஏப்ரல் 26 அன்று இறந்தார்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோபால்ட்-60இன் வீரியம் 5.27 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அந்தக் கருவி பல்கலைக்கழகத்துக்கு வந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதாவது ஏழு தடவைக்கு மேல் பாதியாகி, முதலில் இருந்ததில் ஏறக்குறைய 200இல் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அந்த மிச்சமே ஓர் உயிரைக் கொண்டுபோக வல்லதாக இருந்தது. 'பழசுதானே, என்ன செய்துவிடும்?' என்ற எண்ணம் இங்கே செல்லாது.

சந்தேகப்பட்ட பெண்மணி

மாயாபுரிக்கு 23 ஆண்டுகளுக்கு முன், 1987 செப்டம்பரில், பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் இதைவிடப் பெரிய விபத்து நடந்தது. கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை நிலையத்தில் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் இயந்திரம் கிடந்தது. செப்டம்பர் 13 அன்று இரண்டு பேர் அதன் உலோகப் பகுதியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அது ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் விலைபோயிற்று. உள்ளே சீசியம்-137 என்ற தூள் இருந்தது. இருட்டில் அது நீல நிறமாக ஒளிர்ந்தது. அதிசயம் என்று உறவினருக்கும் அண்டை அயலாருக்கும் கொடுத்தார்கள். சிலர் மேனியில் பூசிக்கொண்டார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தத் தூள் பட்ட கையாலேயே சாப்பிட்டாள்.

வீட்டில் ஒருவர் பின் ஒருவராக நோயில் விழுந்தனர். முதலில் பார்த்த மருத்துவர்களுக்கு அது வேறு ஏதோ நோயாகவே தெரிந்தது. 'இந்தப் பொருள் வந்த பிறகுதானே எல்லாருக்கும் உடம்புக்கு முடியாமல் போனது?' என்று யோசித்தவர் அந்த வியாபாரியின் மனைவி. செப்டம்பர் 28 அன்று அவர் மிச்சமிருந்ததை ஒரு பையில் போட்டுப் பேருந்தில் ஏறிச் சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் ஓர் இயற்பியலாளர் கருவியுடன் வந்து அளந்ததும் உண்மை வெளிப்பட்டது. 1,12,000 பேருக்கு மேல் விளையாட்டரங்கில் வரிசையில் நின்று சோதிக்கப்பட்டார்கள். 249 பேரிடம் கதிர்த்தூள் கண்டறியப்பட்டது. நால்வர் இறந்தனர். அந்தச் சிறுமியும் அந்தப் பெண்மணியும் ஒரே நாளில், அக்டோபர் 23 அன்று, காலமானார்கள்.

படிப்பும் பட்டமும் இல்லாத ஒரு குடும்பத் தலைவியின் சந்தேகம் அந்த நகரத்தில் எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. அவர் பொருளைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போயிருக்க வேண்டியதில்லை. செய்தி சொல்லியிருந்தால் போதும், வல்லுநர்கள் தேடி வந்திருப்பார்கள். அது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டில் தாய்லாந்தின் சமுத் பிராகான் மாநிலத்திலும் இதே கதை நடந்தது. பழைய இரும்புக் கடையில் கோபால்ட்-60 பிரிக்கப்பட்டது. மூவர் இறந்தனர். அங்கேயும் விபத்தைக் கண்டுபிடித்தவர்கள் நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்களே.

பயம் ஓரிடம், ஆபத்து வேறிடம்

நம் மலைக்கு அடுத்த தேனி மாவட்டத்தில், பொட்டிப்புரம் அருகே, நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அப்போது 'கதிர்வீச்சு வரும்' என்ற பேச்சு இடுக்கி வரைக்கும் பரவியது. அந்தத் திட்டத்துக்குக் காடு, மலை, பாறை வெடிப்பு பற்றி எழுந்த எதிர்ப்புகள் தனி விஷயம், அவற்றை இங்கே பேசவில்லை. ஆனால் நியூட்ரினோத் துகள்கள் சூரியனிலிருந்து வந்து, நம் ஒவ்வொருவர் உடம்பிலும் நொடிதோறும் கோடிக்கணக்கில் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றால் ஒரு தீங்கும் இல்லை. தீங்கில்லாத ஒன்றுக்கு ஊர் அஞ்சியது. யாருடைய சட்டைப் பையிலோ இருக்கக்கூடிய ஒரு விரல் நீள உலோகத்துக்கு யாரும் அஞ்சுவதில்லை.

அத்தகைய பொருள்கள் எங்கே இருக்கும்? புற்றுநோய் மருத்துவமனைகளில், ஆராய்ச்சிக் கூடங்களில், பொருளின் கனத்தையும் மட்டத்தையும் அளக்கும் தொழிற்சாலைக் கருவிகளில் இருக்கும். குழாய்களையும் இரும்புக் கட்டுமானங்களையும் வெல்டிங் செய்தபின் உள்ளே வெடிப்பு உண்டா என்று படம் பிடிப்பவர்களிடமும் இருக்கும். இரயில்வேயில் பணியாற்றிய காலத்தில் இந்தக் கடைசி வேலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கைப்பெட்டி அளவில் ஒரு கருவி, அதைக் கேமரா என்பார்கள். உள்ளே இரிடியம்-192. இரவில் ஆட்களை அப்புறப்படுத்தி, சுற்றிலும் கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்துவிட்டுத்தான் அதைத் திறப்பார்கள். முறையாகக் கையாண்டால் அது நல்ல வேலைக்காரன். கவசத்தை விட்டு வெளியே வந்து, கணக்கில் இல்லாமல் போனால்தான் எமன்.

கதிரின் கணக்கு

கதிர்வீச்சைக் கண்ணால் காண முடியாது. அதற்கு மணம் கிடையாது, தொட்டால் சுடாது. ஆனால் அது கணக்குக்குக் கட்டுப்பட்டது. உடம்பு வாங்கிய கதிரின் அளவைக் 'கிரே' என்ற அலகால் சொல்வார்கள்.

ஒரு சிறு துண்டு கோபால்ட்-60, அளவு ஒரு கியூரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு மணி நேரம் நின்றால் உடம்பு வாங்குவது ஏறத்தாழ 0.013 கிரே. தூரம் பத்து மடங்கு கூடினால் கதிர் நூறு மடங்கு குறையும். ஆகவே 10 மீட்டரில் அது 0.00013 கிரே மட்டுமே. அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். சட்டைப் பையில், தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் வைத்தால், ஒரு மீட்டரில் இருந்ததைப் போல் பத்தாயிரம் மடங்கு. நிமிடத்துக்கு 2 கிரேக்கு மேல் அந்த இடத்துத் தோல் வாங்கும். சில நிமிடங்களிலேயே ஆறாத புண்ணுக்கு வித்திட்டாயிற்று.

இதிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன. பக்கத்தில் இருக்கும் நேரத்தைக் குறை. தூரத்தைக் கூட்டு. இடையில் கனமான மறைவு இருக்கட்டும். இவற்றில் சாமானியன் கையில் எப்போதும் இருப்பது தூரம்தான். காசு செலவில்லை, கருவி வேண்டாம், கால் இருந்தால் போதும்.

இரண்டு வேறு நிலைகள்

அடுத்து வருவதை எல்லாரும் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கதிர் படுவது ஒன்று, கதிர்த்தூள் ஒட்டுவது வேறொன்று.

மாயாபுரியில் நடந்ததில் பெரும்பகுதி முதல் வகை. உலோகத் துண்டிலிருந்து கதிர் உடம்பில் பட்டது. அப்படிப் பட்டவர் வெயிலில் காய்ந்தவரைப் போல. வெயிலில் காய்ந்தவர் வீட்டுக்குள் வந்தால் வெயிலைக் கொண்டுவருவதில்லை. அதுபோலக் கதிர் பட்டவரிடமிருந்து கதிர் வீசாது. அவரைத் தொடலாம், தூக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுக்கலாம்.

கோயானியாவில் நடந்தது இரண்டாம் வகை. தூள் தோலிலும் தலைமுடியிலும் துணியிலும் ஒட்டியது, சிலருக்கு வயிற்றுக்குள்ளும் போனது. இவர்களைத் தொடும்போது கையுறையும் முகமூடியும் தேவை. ஆனால் இங்கேயும் மேலாடையைக் கழற்றினாலே உடம்பின் மேல் ஒட்டியதில் பெரும்பகுதி போய்விடும். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு நூற்றுக்குத் தொண்ணூறு.

எந்த வகை என்று தெரியாதபோது இரண்டாம் வகை என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். எந்த வகையானாலும் நோயாளியைக் கைவிடக் கூடாது. இரத்தம் கொட்டுகிறவருக்கு முதலில் இரத்தத்தை நிறுத்த வேண்டும், மூச்சுத் திணறுகிறவருக்கு முதலில் மூச்சு. கதிர் அளவு பார்ப்பது அதற்குப் பிறகுதான். உலகெங்கும் மருத்துவர்களுக்குச் சொல்லித்தரப்படும் வரிசை இதுவே.

உடம்பு சொல்லும் அடையாளங்கள்

உடம்பு முழுவதும் 1 கிரேக்கு மேல் கதிர் பட்டால் நோய் தோன்றத் தொடங்கும். 4 கிரே அளவில், சிகிச்சை கிடைக்காவிட்டால், பாதிப் பேர் பிழைப்பது கடினம். அது மூன்று கட்டமாக வரும்.

முதல் கட்டம்: குமட்டல், வாந்தி, சோர்வு. கதிர் பட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் நிலைமை கடுமை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வந்தால் பெரும்பாலும் அளவு குறைவு. ஆகவே முதல் வாந்தி எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்து வைப்பது மருத்துவருக்குப் பெரிய உதவி. பயத்தாலும் வாந்தி வரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

இரண்டாம் கட்டம்: நோயாளி தேறிவிட்டதுபோல் இருப்பார். சில நாட்கள் முதல் இரண்டு மூன்று வாரங்கள் வரை நீடிக்கலாம். ஆளை ஏமாற்றுவது இந்தக் கட்டம்தான். 'சரியாகிவிட்டது' என்று வேலைக்குத் திரும்பிவிடுவார்.

மூன்றாம் கட்டம்: முடி கொட்டும். ஈறில் இரத்தம் கசியும். காய்ச்சல் வரும். எலும்பு மச்சையில் இரத்தம் ஊறுவது குறைந்து, வெள்ளை அணுக்கள் இல்லாமல் சிறு தொற்றும் பெரிதாகும்.

தோல் புண் தனியாகவும் வரலாம். தீயில் சுட்டால் அப்போதே கொப்பளிக்கும். கதிர்ப்புண் அப்படியன்று. சில நாட்கள் கழித்துச் சிவந்து, பிறகு கறுத்து, கொப்பளித்து உரியும். சுட்ட நினைவே இல்லாத இடத்தில் சுட்ட புண் வந்தால், குறிப்பாக விரல் நுனியில், உள்ளங்கையில், பை இருக்கும் தொடையில் வந்தால், சந்தேகப்பட வேண்டும்.

மருத்துவருக்கு உதவும் சோதனை எளிமையானது, தாலுகா மருத்துவமனையிலேயே செய்யக்கூடியது. இரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுவை எண்ணுவார்கள். சில மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். இரண்டு நாட்களுக்குள் அது 1000க்குக் கீழே இறங்கினால் கவலைக்குரியது, 500க்குக் கீழே போனால் மிகக் கடுமை.

சிகிச்சை இல்லாத நோயன்று இது. வெள்ளை அணுக்களை ஊறச் செய்யும் ஊசி, தொற்றுக்கு மருந்து, இரத்தமும் தட்டணுக்களும் ஏற்றுதல், தனி அறை, சுத்தமான உணவு இவற்றால் பலர் பிழைத்திருக்கிறார்கள். வயிற்றுக்குள் போன சீசியத்தை வெளியேற்றப் 'பிரஷ்யன் நீலம்' என்ற மருந்து கோயானியாவில் 46 பேருக்குக் கொடுக்கப்பட்டது. எந்த மருந்தானாலும், நோய் இன்னதென்று தெரிந்த பிறகுதான் கொடுக்க முடியும்.

அயோடின் பற்றி ஒரு வார்த்தை

கதிர்வீச்சு என்றால் அயோடின் மாத்திரை என்று பலர் நினைக்கிறார்கள். அணு உலை விபத்தில் கதிரியக்க அயோடின் வெளியானால் தைராய்டைக் காக்க மட்டுமே அது பயன்படும், அதுவும் அதிகாரிகள் சொன்ன நேரத்தில். கோபால்ட், சீசியம், இரிடியம் ஆகியவற்றுக்கு அது எந்தப் பயனும் தராது. 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்தின்போது சீனாவில் அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தார்கள். அதில் பயன் இல்லை. புண்ணுக்குப் போடும் டிங்சர் அயோடினைக் குடிப்பது நஞ்சு.

நாம் செய்ய வேண்டியவை

1. சின்னத்தை அறியுங்கள். மஞ்சள் நிறப் பின்னணியில், நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி மின்விசிறி இறக்கைபோல் மூன்று. இது கதிர்வீச்சுச் சின்னம். 2007இல் வந்த இன்னொரு சின்னம் சிவப்பு முக்கோணம். அதில் மேலிருந்து வரும் கதிர்கள், மண்டையோடு, ஓடுகிற மனிதன் மூன்றும் இருக்கும். படிக்கத் தெரியாதவருக்கும் 'ஓடு' என்று சொல்வதற்காகவே அமைத்த படம் அது. ஆனால் துருப்பிடித்த பெட்டியில் சின்னம் அழிந்திருக்கலாம். அளவுக்கு மீறிக் கனக்கும் சிறு பெட்டி, ஈயம் பொதிந்த உருளை, இருட்டில் ஒளிரும் தூள் எதையும் பிரிக்காதீர்கள்.

2. தொடாதீர்கள், தூக்காதீர்கள், வெட்டாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், எந்த அலுவலகத்துக்கும் எடுத்துப் போகாதீர்கள்.

3. விலகுங்கள். குறைந்தது 30 மீட்டர். இரயில் பெட்டி ஒன்றின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். மற்றவர்களையும் விலக்குங்கள், முதலில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும்.

4. 112க்குச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. 'ரேடியேஷன்' என்ற சொல்லைத் தவறாமல் சொல்லுங்கள். மலையாளம் சரளமாக வராதவர்கள் தயங்க வேண்டாம், அந்தச் சொல் இரு மொழிக்கும் பொது.

5. தொட்டுவிட்டவர்கள் மேலாடையைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தூரமாக வைக்கட்டும். இளஞ்சூடான தண்ணீரிலும் சோப்பிலும் மெதுவாகக் கழுவட்டும். தேங்காய் நாரோ பீர்க்கங்கூடோ போட்டுத் தேய்க்கக் கூடாது, தோல் கிழிந்தால் தூள் உள்ளே போகும். கழுவி முடியும்வரை உணவு, வெற்றிலை, பீடி எதுவும் வாயில் போகக் கூடாது.

6. மருத்துவமனையில் வாய் திறந்து சொல்லுங்கள். என்ன பொருள், எந்த நாளில், எவ்வளவு நேரம், யார் யார் பக்கத்தில் இருந்தார்கள், முதல் வாந்தி எப்போது. போலீஸ் விசாரணைக்குப் பயந்து மறைத்தால் இழப்பு உங்கள் வீட்டுக்குத்தான். ஒரே கடையிலோ ஒரே லயத்திலோ இருவர் மூவருக்கு ஒரே சமயத்தில் வாந்தியும் புண்ணும் முடி கொட்டுதலும் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

முதல் மணி நேரம் நம்முடையது

நம் நாட்டில் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 1983இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. கதிர்வீச்சு அவசர நிலைக்கென்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையம் நாடெங்கும் இருபதுக்கும் மேற்பட்ட அவசர உதவி மையங்களை அமைத்திருக்கிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படையில் இதற்கெனப் பயிற்சி பெற்ற பிரிவுகளில் ஒன்று அரக்கோணத்தில் இருக்கிறது. ஆனால் அவர்கள் நம் மலையேறி வர மணிக்கணக்காகும். அதுவரை இடம் நம் பொறுப்பு.

இரயில்வேயில் ஒரு பழக்கம் உண்டு. பாதையில் வண்டி நின்றுபோய் அடுத்த பாதையும் அடைபட்டால், அடிபட்டவர் ஓலம் காதில் விழுந்தாலும், ஒருவர் சிவப்புக் கொடியோடு ஓடுவார். 600 மீட்டரில் ஒரு வெடியும் 1200 மீட்டரில் மூன்று வெடிகளும் தண்டவாளத்தில் வைப்பார். எதிரே வரும் வண்டி அந்தச் சத்தம் கேட்டு நிற்கும். அவர் இரக்கமில்லாதவர் அல்லர், இரண்டாவது விபத்தைத் தடுக்க ஓடுகிறவர். கதிர்வீச்சு விபத்திலும் முதலில் கொடி பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கூட்டத்தை விலக்கி, செய்தி சொல்லி, பொருளை யாரும் தொடாமல் காப்பவர் அவர்.

அதேபோல் இரயில்வேயில் விபத்து மருத்துவ வண்டி ஒன்று எப்போதும் ஆயத்தமாக நிற்கும். வருடக்கணக்கில் அது போகாமலும் இருக்கலாம். ஆனாலும் மருந்துகளின் காலாவதி பார்ப்பதும் ஒத்திகை நடத்துவதும் நிற்பதில்லை. நம் தாலுகா மருத்துவமனைகளில் இதற்கு வேண்டியது கோடி ரூபாய் இயந்திரம் அன்று. கதிர் அளக்கும் சிறு கருவி ஒன்று, கையுறை, முகமூடி, பெரிய பிளாஸ்டிக் பைகள், சுவரில் ஒட்டிய தொலைபேசி எண்கள், வருடம் ஒரு ஒத்திகை. இதைக் கேட்டு மனுக் கொடுப்பது நம் சங்கம் செய்யக்கூடிய வேலை. ஆக்ரிக் கடை ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு சின்னங்களையும் வரைந்து ஒட்டுவது நம் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடக்கூடிய வேலை.

வீட்டில் பிள்ளைகளிடம் கேட்க

1. மாயாபுரியில் ஏலத்துக்கும் அரசுக்குச் செய்தி போனதற்கும் இடையே எத்தனை நாட்கள்? அந்த இடைவெளி ஏன் ஏற்பட்டது?
2. கதிர் பட்டவருக்கும் கதிர்த்தூள் ஒட்டியவருக்கும் வேறுபாடு என்ன?
3. 2 மீட்டரில் நிற்பவர் 20 மீட்டருக்கு விலகினால் கதிர் எத்தனை மடங்கு குறையும்?
4. கோயானியாப் பெண்மணி சரியாகச் செய்தது எது? அவர் வேறு விதமாகச் செய்திருக்கக் கூடியது எது?

கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்த ஒருவர் ஒவ்வொரு லயத்திலும் இருந்தால் போதும். மாயாபுரியில் 40 நாட்கள் ஆனது நம் ஊரில் 40 நிமிடங்களில் முடிந்துவிடும். சந்தேகம் வந்தால் வாய்விட்டுச் சொல்லத் தயங்காதீர்கள். சந்தேகம் பொய்யாய்ப் போனால் யாருக்கும் நட்டமில்லை.